சிறுநீரகம் ஓய்வெடுக்கிறது

இதயத்தில் மூன்று அடைப்பு என்று டாக்டர் சொன்னதும் மீட்டர்காரர் கேட்ட முதல் கேள்வி, "எந்த லைன்ல?" என்பதுதான். இருபத்தெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவர். அடைப்பு என்றால் குழாய். குழாய் என்றால் மாற்றிவிடலாம். அந்தத் தைரியத்தில் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தவர் அவருடைய மனைவி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து பிள்ளைகளைப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் முறைத்தே அடக்குகிறவர். ஊரிலேயே அந்த ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவுக்குத்தான் பெயர் என்று நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அது பொய்யும் இல்லை. அந்தப் பிரிவின் வாசலில் சிவப்பு விளக்கெழுத்தில் ஒரு பலகை எரிந்துகொண்டிருந்தது: "சிக்கல் இல்லாத நாட்கள்: 296."

"பார்த்தீங்களா? பத்து மாசமா ஒரு சிக்கல்கூட இல்லையாம்," என்றார் மனைவி.

"மீட்டர் ஓடுதா, இல்ல ரிப்பேரா?" என்று கேட்டார் மீட்டர்காரர். மனைவி முறைத்தார். அவர் வாயை மூடிக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. செய்த பெரிய டாக்டர் கடைசித் தையலைப் போட்ட கையோடு விமானம் ஏறிவிட்டார். எங்கோ ஒரு மாநாட்டில், இதய அறுவையின்போது மற்ற உறுப்புகளுக்குச் சேதம் வராமல் காப்பது எப்படி என்று அவர் பேசவேண்டியிருந்தது. மீட்டர்காரரின் மற்ற உறுப்புகள் இங்கேயே இருந்தன.

புதன்கிழமை அவரைத் தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். நெஞ்சில் தையல், கழுத்தில் ஊசி, கட்டிலோரம் சிறுநீர்ப் பை. வியாழன் காலை தர மேம்பாட்டு அதிகாரி வந்தார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, கையில் டேப்லெட், முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கிற சிரிப்பு.

"எல்லாம் நல்லபடியா போகுதா, அம்மா?"

"போகுது சார். மூணு நாளா மலச்சிக்கல்தான் பாடாப்படுத்துது," என்றார் மனைவி.

அதிகாரியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் திரும்பி வார்டு வாசலைப் பார்த்தார், யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று.

"அம்மா, தயவு செஞ்சு அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க."

"எதை? மலத்தையா?"

"அதைத் தாராளமா சொல்லுங்க. பின்னாடி வர்றதைச் சொல்லாதீங்க. இந்த வார்டுல யார் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்தாலும் பதிவு பண்ணணும். பதிவு பண்ணா வாசல்ல இருக்கற பலகை பூஜ்யத்துக்குப் போயிடும். அதனால, 'மலத் தாமதம்'னு சுற்றறிக்கை விட்டிருக்கோம்."

அவர் போனபிறகு வார்டு சிஸ்டர் மாத்திரையோடு வந்தார். நாற்பது வயதிருக்கும், நடக்கவேண்டிய இடத்தில் ஓடுவார், ஓடுகிற வேகத்தில் பேசுவார். "போன மாசம் எனக்கு மெமோ குடுத்தாங்க, அம்மா. தலை வாரும்போது முடி ஒரே சிக்கலா இருக்குன்னு பக்கத்து சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். மீட்டர்காரர் சிரிக்கவில்லை. சிரித்தால் தையல் வலிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவர் காலையிலிருந்து சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பையின் மேல்பக்கம் அளவுக் கோடு போட்ட ஒரு சின்ன டப்பா. ஆறு மணிக்கு ஒரு கோட்டில் இருந்தது. எட்டு மணிக்கும் கிட்டத்தட்ட அதே கோட்டில்தான் இருந்தது. அவருக்கு இதைப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சிஸ்டர், இந்த மீட்டர் ஓடலையே."

சிஸ்டர் குனிந்து பார்த்தார். அவருடைய வேகம் ஒரு நொடி நின்றது. "காலையிலேர்ந்து இவ்வளவுதானா?"

"மணிக்கு நாலு, அஞ்சு மில்லி. நான் பார்த்துட்டேதான் இருக்கேன்."

சிஸ்டர் கம்ப்யூட்டரில் ஐந்து என்று அடித்தார். திரை சிவந்தது. "சரியான அளவை உள்ளிடவும்," என்றது. மறுபடி அடித்தார். மறுபடி சிவந்தது. சிறுநீர்க் கட்டத்தில் நாற்பதுக்குக் குறைந்த எந்த எண்ணையும் அது ஏற்காது. குறைந்த எண் வந்தால் சிக்கல், சிக்கல் வந்தால் பலகை; அதனால் குறைந்த எண்ணே உள்ளே வராதபடி போன வருஷமே ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

"அப்போ நேத்து என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார் மீட்டர்காரர்.

சிஸ்டர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "நாற்பது. மணிக்கு மணி நாற்பது."

மீட்டர்காரருக்கு முகம் சிவந்தது. அவருடைய வேலையிலும் இந்த அக்கிரமம் உண்டு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தெரு மொத்தத்துக்கும் ரீடிங் எழுதுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அவர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. வீடு பூட்டியிருந்தால் 'கதவு பூட்டு' என்று எழுதிவிட்டு மறுநாள் போவார். நாய் கடித்த அன்றுகூட மீட்டரைப் பார்த்து எழுதிவிட்டுத்தான் ஊசி போடப் போனார்.

"எனக்கே பொய் ரீடிங்கா?" என்றார்.

சிஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, பேனாவோடு அவர் மடியில் வைத்தார். "நீங்க எழுதுங்க, ஐயா. மணியோட எழுதுங்க." பிறகு போய், இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

மதியம் பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அதில் பச்சையாகவே இருந்தது. சிஸ்டர் அதை அதிகாரியிடம் கொண்டுபோனார். கால் மணி நேரத்தில் அதிகாரி கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, பயப்படாதீங்க. உங்க சிறுநீரகம் ஓய்வெடுத்துக்கிட்டிருக்கு."

"ஓய்வா?"

"உங்க இதயத்துக்கு எவ்வளவு பெரிய வேலை நடந்திருக்கு! பக்கத்துல இருக்கற உறுப்பு கொஞ்சம் அசதியா இருக்காதா? மனுஷனுக்கே வாரத்துல ஒருநாள் லீவு குடுக்கறோம்."

"எனக்குக் காலெல்லாம் வீங்குது. படுத்தா மூச்சு முட்டுது."

"பாருங்க, உடம்புல எவ்வளவு நீர்ச்சத்து!" என்று வியந்தார் அதிகாரி.

மனைவி எழுந்து நின்றார். பஸ்ஸில் கடைசி சீட்டில் அடிதடி நடக்கும்போது எழுகிற குரல் எழுந்தது. "சிறுநீரக டாக்டரைக் கூப்பிடுவீங்களா, மாட்டீங்களா?"

"கூப்பிடலாமே, அம்மா. ஆனா இங்கேர்ந்து அந்தப் பிரிவுக்கு ஒரு கடிதம் போகணும். கடிதத்துல காரணம் எழுதணும். காரணத்தை எழுதினா..." அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல், வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். "நாளைக்கு முந்நூறாவது நாள், அம்மா. தர விருது குடுக்க வெளியிலிருந்து குழு வருது. பந்தல் போட்டாச்சு. ஒரே ஒரு நாள் பொறுத்துக்க முடியாதா? நாங்க இருநூத்தித் தொண்ணூத்தொன்பது நாள் பொறுத்திருக்கோம்."

அதோடு அவர் சும்மா இருக்கவில்லை. மூன்று மணிக்கு ஒரு பூங்கொத்தோடும் போட்டோகிராபரோடும் வந்தார். மீட்டர்காரரின் கையில் பூங்கொத்தை வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர்ப் பட்டையைக் கத்தரித்தார்கள். "வாழ்த்துகள், ஐயா. நீங்க பூரண குணமடைஞ்சு வீட்டுக்குப் போயிட்டீங்க," என்றார் அதிகாரி.

"நான் இங்கதானே படுத்திருக்கேன்?"

"கட்டில்ல இருக்கீங்க. கணக்குல போயிட்டீங்க."

வீட்டுக்குப் போன மனிதருக்குச் சாயங்காலச் சாப்பாடு வரவில்லை. சிஸ்டர் மறுபடி எடுத்தனுப்பிய இரத்தத்தைப் பரிசோதனைக்கூடம் திருப்பி அனுப்பிவிட்டது. இப்படி ஒரு நோயாளி ஆஸ்பத்திரியிலேயே இல்லை என்று சீட்டு ஒட்டியிருந்தது. மீட்டர்காரர் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். இதுவரை எத்தனையோ வீட்டு வாசலில் நின்று, உள்ளே ஆள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்வதைக் கேட்டிருக்கிறார். தன்னைப்பற்றியே அப்படிச் சொல்லி இப்போதுதான் கேட்கிறார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் செத்துடுவேனா?"

"வாயை மூடுங்க," என்றார் மனைவி. நாற்பத்தைந்து பிள்ளைகளை அடக்குகிற குரல் பாதியில் உடைந்தது.

வேலை முடிந்து கிளம்பவேண்டிய சிஸ்டர், கைப்பையை மாட்டிக்கொண்டே கட்டிலருகே வந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஐயா, யோசிச்சுப் பார்த்தேன். உள்ளே இருக்கற நோயாளியைச் சிறுநீரகப் பிரிவுக்கு அனுப்பக் கடிதம் வேணும். நீங்க இப்ப உள்ளே இல்ல. வெளியாள். வெளியாளுக்கு எது வந்தாலும் எங்க கணக்குல வராது. எந்த டாக்டர் வேணும்னாலும் உங்களைச் சேர்த்துக்கலாம்."

"அப்போ இப்பவே போலாம்," என்றார் மனைவி.

"அந்தப் பிரிவுக்குப் போற கதவுல நம்ம காவலாளி நிக்கறார். இந்த வார்டுக் கட்டிலேர்ந்து யார் வந்தாலும் படிவம் கேப்பார். ஆனா நாளைக்குக் காலையில சிறுநீரகப் பிரிவுத் தலைவர் விழாவுக்கு வர்றார். முன்வரிசையில உக்காருவார். மேடையில ஏத்த, குணமாகி வீட்டுக்குப் போன ஒரு ஆளைத் தேடிக்கிட்டிருந்தாங்க. நான் உங்க பேரைக் குடுத்துட்டேன். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம்." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "நான் எதுவும் சொல்லல. நீங்க எதுவும் கேக்கல. ராத்திரி டியூட்டி சிஸ்டர்கிட்ட உங்களைப் பார்த்துக்கச் சொல்லியிருக்கேன். மூச்சு அதிகமா முட்டினா நான் படிவம், பலகை எதையும் பார்க்காம வந்து நிப்பேன்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விழா. மீட்டர்காரருக்குப் புதுச் சட்டை போட்டு, சிறுநீர்ப் பையின்மேல் பொன்னாடையைப் போர்த்தி, சக்கர நாற்காலியில் மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். செருப்பு காலில் நுழையவில்லை, வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சையும் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. மனைவி மேடைப் படியோரம் நின்றார்.

மருத்துவமனை இயக்குநர் பேச எழுந்தார்.

"நான் பொறுப்பேற்றபோது இந்தப் பிரிவில் வருஷத்துக்கு நூற்றுப் பத்து சிக்கல்கள். என்ன செய்யலாம் என்று தூக்கமில்லாமல் தவித்தேன். அப்போது சுவருக்கு வர்ணம் அடிப்பதற்காக ஆபரேஷன் தியேட்டரை மூன்று நாள் மூடினோம். அந்த மூன்று நாளும் ஒரு சிக்கல்கூட இல்லை! அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. சிக்கலைக் குறைக்க முடியும்!"

கைதட்டல்.

"சிகிச்சையின்மூலம் சிக்கலைக் குறைப்பது பழைய முறை. அதற்குக் காலம் பிடிக்கும், திறமையும் வேண்டும். நாங்கள் படிவத்தின்மூலம் குறைக்கிறோம். முன்பு இருபது பக்கமாக இருந்த சிக்கல் படிவத்தை நாற்பது பக்கமாக்கினோம், சிக்கல் பாதியானது. எண்பது பக்கமாக்கினோம், நின்றே போனது. உயிர்காக்கும் கருவிகளையும் விட்டுவைக்கவில்லை. முன்பெல்லாம் அவை எந்நேரமும் கத்திக்கொண்டே இருக்கும். கேட்பவர்களுக்கு ஏதோ ஆபத்து என்றே தோன்றும். இப்போது எங்கள் கருவிகள் எவ்வளவு அடக்கமாக இருக்கின்றன என்று நீங்களே உள்ளே போய்ப் பார்க்கலாம். இந்தப் பிரிவில் யாரும் இறப்பதும் இல்லை. அப்படி ஒரு நிலைமை வருமுன்பே அவர்கள் இந்தப் பிரிவில் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறோம்."

வந்திருந்த குழு எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒலிவாங்கியை மீட்டர்காரரின் கையில் கொடுத்து, "எப்படி இருக்கிறீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள், ஐயா," என்றார்.

மீட்டர்காரர் மடியிலிருந்த சின்ன நோட்டைப் பிரித்தார். என்ன பேசுவது என்று அவர் இரவெல்லாம் யோசித்திருந்தார். அழலாமா, திட்டலாமா என்றுகூட நினைத்தார். கடைசியில் தனக்குத் தெரிந்ததையே செய்தார். ரீடிங் படித்தார்.

"நேத்து காலையில ஆறு மணியிலேர்ந்து... இன்னைக்குக் காலையில ஆறு மணி வரைக்கும்... என் சிறுநீர் நூத்திப் பத்து மில்லி. கம்ப்யூட்டர்ல..." அவர் மூச்சு வாங்கினார். "வீட்டுக்குப் போனவனுக்கும் சேர்த்து... தொள்ளாயிரத்து அறுபது மில்லி."

எண் வந்தால் கைதட்டவேண்டும் என்று ஊழியர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எண் வந்தது, தட்டினார்கள். தொள்ளாயிரத்து அறுபதுக்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"நாலு நாள் முன்னாடி ஆபரேஷன். கால் வீங்கிப்போச்சு. படுக்க முடியல."

முன்வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, மேடைப் படியில் ஏறி, யாரையும் பார்க்காமல் மீட்டர்காரரின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கட்டைவிரலால் கணுக்காலுக்குமேல் அழுத்தினார். விரலை எடுத்தபிறகும் குழி அப்படியே இருந்தது. பொன்னாடையை விலக்கிப் பையைப் பார்த்தார்.

தர மேம்பாட்டு அதிகாரி ஓடிவந்தார். "சார், சார், இவர் நம்ம நோயாளி இல்ல. வெளியாள். விழாவுக்கு வந்தவர்."

"வெளியாளா?" என்று நிமிர்ந்தார் சிறுநீரக டாக்டர். "ரொம்ப நல்லதாப்போச்சு. அப்போ உங்ககிட்ட எதுவும் கேக்கவேண்டியதில்ல." நாற்காலியின் பிடியைப் பிடித்தார். "அம்மா, நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"சம்சாரம், சார்."

"வேகமா தள்ளுவீங்களா?"

அன்று அந்தச் சக்கர நாற்காலி போன வேகத்தைப் பார்த்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டார்கள்.

இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக் கிடந்தது. இன்னும் அரைநாள் போயிருந்தால், நன்றாகத் தைத்த அந்த இதயமே நின்றிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். சிஸ்டர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் காலையில் பையில் கோடு கோடாக ஏறத் தொடங்கியது. மனைவி உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, பரீட்சை முடிவு சொல்வதுபோலச் சொன்னார்: "ஆயிரத்து இருநூறு மில்லி! ஆமா, ஒரே நாள்ல!"

வீட்டுக்கு, இந்த முறை நிஜமாகவே, வந்து ஒரு மாதம் ஆனபிறகு விசாரணைக்கு அழைப்பு வந்தது. ஐந்து பேர் கொண்ட குழு மூன்று மணி நேரம் விசாரித்தது. ஒலிவாங்கி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? அது ஏற்கெனவே உயிரோடு இருந்ததா? நோட்டு எந்தக் கடையில் வாங்கியது? பொன்னாடை தானாக விலகியதா, விலக்கப்பட்டதா? எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். முடிவில் தலைவர் அறிக்கையை வாசித்தார். விழாவில் ஒரு சிக்கல் நிகழ்ந்தது உண்மை. அதற்குக் காரணம், நோயாளியிடம் ஒலிவாங்கி தரப்பட்டது. இனி எந்த நோயாளியிடமும் தரக்கூடாது. பெயரைப் பரிந்துரைத்த சிஸ்டர், கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றப்படுகிறார்.

"ஐயா," என்றார் மீட்டர்காரர், "என் சிறுநீரகம் ஏன் நின்னுதுன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு நல்லபடியா முடிஞ்ச விசாரணையில அதை எதுக்குங்க இழுக்கறீங்க?"

கீழ்த்தளத்துக்குப் போய் சிஸ்டரைப் பார்த்தார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு தூசிக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மீட்டர்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "அட, விடுங்க ஐயா," என்றார் சிஸ்டர். "இங்க பழைய சிக்கல் படிவமெல்லாம் இருக்கு. நிதானமா படிச்சுக்கிட்டிருக்கேன். ஒண்ணொண்ணா நகல் எடுத்து சிறுநீரக டாக்டருக்கு அனுப்பறேன்." பிறகு, "மேலே தியேட்டர் பக்கம் போங்க. உங்களை ஒருத்தர் பார்க்கணும்னு சொல்லிட்டே இருக்கார்," என்றார்.

தியேட்டர் வாசலில் பச்சை உடையில் ஒல்லியாக ஒரு பெண் காத்திருந்தார். மீட்டர்காரருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

"உங்களுக்கு என்னைத் தெரிஞ்சிருக்காது," என்றார் அந்தப் பெண். "உங்க இதயத்தை நிறுத்திவச்சிருந்தப்போ, உடம்பு முழுக்க இரத்தத்தை அனுப்பிக்கிட்டிருந்த மெஷினை ஓட்டினது நான்தான்."

மனைவி அவர் முகத்தையே பார்த்தார். இன்னொரு ஓட்டுநர்.

"இருபத்திமூணு நிமிஷம் இரத்த அழுத்தம் குறைஞ்சு போயிருந்தது. குறைஞ்சா மெஷின் கத்தணும். கத்தாதபடி சத்தத்தை அடைச்சு வச்சிருந்தாங்க. நான் இன்னொரு பக்கம் குழாயைச் சரிபார்த்துக்கிட்டிருந்தேன். திரும்பிப் பார்த்த உடனே சரி பண்ணேன். ஆனா இருபத்திமூணு நிமிஷம் போயிடுச்சு. அதுலதான் சிறுநீரகம் அடிபட்டுது." அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. "என்னை மன்னிச்சிடுங்க."

என்ன நடந்தது என்று இத்தனை நாளில் மீட்டர்காரரிடம் நேராகச் சொன்ன முதல் ஆள் இவர்தான். தனக்குக் கோபம் வரும் என்று மீட்டர்காரர் நினைத்தார். வரவில்லை.

"எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். எண்பது பக்கமும் நிரப்பினேன். கையெழுத்து கட்டத்துக்கு வெளியில போயிடுச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி குடுத்திருக்கேன். ஆனா அதுக்காகக் காத்திருக்கல. எல்லா மெஷின்லயும் சத்தத்தைத் திறந்து முழுசா ஏத்தி வச்சிட்டேன். அதுக்கு அனுமதி வாங்கணும்னு ஒரு படிவமும் இல்ல. மெஷினை யாராவது கத்த வைப்பாங்கன்னு நினைச்சிருந்தாத்தானே படிவம் போட்டிருப்பாங்க?" உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "அடுத்த ஆபரேஷன். வரேங்க," என்று கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

மீட்டர்காரருக்கு நடந்த களைப்பு. வாசலில் இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அதே பெஞ்சின் மறுகோடியில் ஓர் இளம்பெண், ஓர் ஆண்பிள்ளைச் செருப்புச் சோடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணனை உள்ளே கொண்டுபோயிருக்கிறார்களாம். மனைவி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

ரொம்ப நேரம் கழித்து, மூடிய கதவைத் தாண்டி அந்தச் சத்தம் வந்தது. காதைக் கிழிக்கிற கூவல். நடைபாதையில் போய்க்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு நின்றார்கள். தர மேம்பாட்டு அதிகாரி ஓர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பெண் செருப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "ஐயோ, என்னங்க இது? ஏன் இப்படிக் கத்துது?"

சத்தம் சட்டென்று நின்றது. உள்ளே யாரோ பார்த்துவிட்டார்கள். மீட்டர்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு விநாடி.

"உக்காரும்மா," என்றார். "நல்லா கத்தட்டும்."